‘நிஷி’ எப்படி வடக்கானது?

மதிப்பிற்குரிய ஐயா,

ஜப்பானியில் மேற்கைக் குறிக்கும் ‘நிஷி’ என்ற சொல், ஒக்கினாவாவில் வடக்கைக் குறிக்கிறது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். ஒக்கினாவாவை உள்ளடக்கிய, ஜப்பானின் தென்மேற்குக் கோடியிலுள்ள ர்யூக்யூ தீவுகளில் குடியேறியவர்களின் திசைக்கணக்கே கால் வட்டம் திரும்பிவிட்டது என்று கொள்ளலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

திசைக்கணக்கு திரும்பியிருந்தால் எல்லாச் சொற்களும் சேர்ந்தே திரும்பியிருக்க வேண்டும்; திரும்பியது ‘நிஷி’ ஒன்றுதான். மேற்கு ஜப்பானில் தென்காற்றை ‘ஹயே’ என்பார்கள். ஒக்கினாவாவில் தெற்கைக் குறிக்கும் ‘ஃபே’யும், அதே தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த மியாக்கோ, யயெயாமா தீவுகளின் ‘பை’யும் அதே சொல்தான். கீழைக்காற்றுக்கு ஜப்பானியர் வழங்கும் ‘கொச்சி’, ஒக்கினாவாவில் ‘குச்சி’ என்று ஒலி மாறினாலும் பொருள் மாறவில்லை.

‘பை’ என்ற வடிவம் சற்று நின்று பார்க்கத்தக்கது. ர்யூக்யூ மொழிகளுக்கெல்லாம் பொதுவான மூதாதை மொழியின் பகரத்தை மியாக்கோவும் யயெயாமாவும் காத்து வைத்திருக்க, ஒக்கினாவாவின் தென்பகுதியில் அது ஃபகரமாகத் தேய்ந்தது. மியாக்கோவில் பழைய இகரம் சீறும் ஒலிகொண்ட ஒரு தனி உயிராகத் திரிந்துவிட்டது, பழைய எகரமே இன்றைய தெளிவான இகரமானது. ஆகவே தெளிவான இகரத்தில் முடியும் ‘பை’யின் ஈறு முன்பு எகரமாகவே இருந்திருக்க வேண்டும். இப்படித்தான் ‘பயே’ என்ற மூலவடிவம் கிடைக்கிறது. ‘ஹயே’யும் அதற்கு ஒத்துப்போகிறது.

கிழக்குக்கும் மேற்குக்கும் காற்றை விட்டுவிட்டுக் கதிரவனைப் பிடித்தார்கள்: ‘அகரி’ என்றால் எழுதல், ‘இரி’ என்றால் புகுதல். இரியோமோத்தே தீவின் பெயரில் மேற்குக்கான சீன எழுத்தை ‘இரி’ என்று படிப்பது இதனால்தான்.

எஞ்சியது ‘நிஷி’. ஒக்கினாவா, மியாக்கோ, யயெயாமா எங்கும் அது வடக்கே என்பதால், அந்தப் பொருள் மூதாதை மொழியிலேயே நிலைத்துவிட்டது எனலாம். ஜப்பானின் பெருந்தீவுகளில் குளிர்காலக் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்தும், ர்யூக்யூவில் வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசுகிறது. குளிர்காற்றின் பெயராகப் போன சொல், அக்காற்று வரும் திசையோடு நகர்ந்தது என்பதே என் கருத்து. நம் வாடையும் தென்றலும் திசையிலிருந்து பிறந்த காற்றுப்பெயர்கள். அங்கே வடக்கும் தெற்கும் காற்றிலிருந்து பிறந்தன.

1879 வரை ர்யூக்யூ அரசர் இருந்த, ஒக்கினாவாவின் பழைய தலைநகரான ஷூரியின் சுற்றுப்புறத்தில் இதைக் கண்ணாலேயே காணலாம். தெற்கே ஹயேபரு, எழுத்துப்படி ‘தென்காற்று வெளி’. வடக்கே நிஷிஹரா, ஒலியை வைத்து அதன் பெயரில் மேற்குக்கான சீன எழுத்தை இட்டுவிட்டார்கள். எழுத்தை மட்டும் நம்பிப் போகிறவர் அவ்வூரை ஷூரிக்கு மேற்கே தேடுவார். அங்கே இருப்பது நாஹா துறைமுகமும் கடலும்தான்.