கராம் ஏன் பயமுறுத்தவில்லை?

வணக்கம் சார்,

நண்பர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதாபாத்திரங்களாக மாறி ஆடும் கதை விளையாட்டு) ஆடுகிறோம். ஆட்டம் நடத்துவது நான். கதையில் வரும் சதுப்பு நிலத்துக்காக ஒரு மிருகம் செய்தேன். பழைய பாட்டில் முதலை வகையாக வரும் ‘கராம்’ என்ற பெயரையே வைத்தேன். முப்பது அடி நீளம், ஆறு கால், முதுகெல்லாம் முள், அமிலம் துப்பும், 250 ஹிட் பாயிண்ட் (அடிபட அடிபடக் குறையும் உயிர்ப் புள்ளி). தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கரையேறி வந்து உறுமியது. எல்லாரும் மேட்டில் ஏறி நின்று அம்பு விட்டே கொன்றுவிட்டார்கள். ஒருவன் நடுவில் டீ போடப் போய்விட்டான். எங்கே சறுக்கினேன்? அடுத்த முறை குட்டிகளோடு கொண்டுவரலாமா?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

நீங்கள் முதலையைக் கரையேற்றிவிட்டீர்கள். ஆழமான தண்ணீரில் வெல்லும் முதலையை வெளியே வந்தால் மற்றவை வென்றுவிடும் என்று திருக்குறளின் இடனறிதல் அதிகாரத்தில் படித்திருப்போம். உங்கள் நண்பர்கள் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

முதலில் அமிலத்தையும் இரண்டு கால்களையும் எடுத்துவிடுங்கள். நிஜ முதலையிடமே போதுமான கொடூரம் இருக்கிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில் உப்புநீர் முதலையின் கடி விசை 16,000 நியூட்டனுக்கு மேல் பதிவானது. ஆனால் அதே வாயைத் திறக்கும் தசைக்கு வலு கிடையாது. முதலைப் பண்ணைகளில் மூடிய வாயை டேப் சுற்றியே கட்டிவிடுவார்கள். ஆட்டத்துக்கு இது அருமையான விஷயம். கயிற்றுச் சுருக்கை மூக்கில் மாட்டத் துணிபவனுக்கு ஒரு வழி இருக்கிறது; ஆனால் அதற்குக் கைக்கெட்டும் தூரத்துக்குப் போயாக வேண்டும். வில்லாளியை மேட்டிலிருந்து இறக்க இதைவிட நல்ல ஆசை காட்ட முடியாது.

அப்புறம் தாடையில் இருக்கும் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். அவை நீரின் அதிர்வை உணரும் உறுப்புகள். பாதி மூழ்கிக் கிடக்கும் அலிகேட்டர் (முதலையின் நெருங்கிய உறவினம்) கும்மிருட்டில்கூட, விழுந்த ஒரு துளி நீரின் பக்கம் திரும்பிவிடும் என்று 2002இல் சோதித்துக் காட்டினார்கள். ஆகவே உங்கள் கராமிடம் தீப்பந்தத்தை அணைத்து ஒளிந்துகொள்வது பலிக்காது. தண்ணீரில் கால் வைத்தவன் யாரோ, அவனுக்குத்தான் ஒளிதல் பகடை. கரையில் நிற்பவன் கத்தலாம், பாடலாம், அதற்கு அக்கறையில்லை. இந்த விதியை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். இரண்டாவது ஆள் காணாமல் போகும்போது அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது குச்சி. மாமல்லபுரம் போகும் வழியில் உள்ள சென்னை முதலைப் பண்ணையில் சதுப்புநில முதலைகள் மூக்கின்மேல் சுள்ளிகளை வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்ததை ஆய்வாளர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கூடு கட்டச் சுள்ளி பொறுக்க வரும் கொக்குதான் இரை. அமெரிக்காவில் அலிகேட்டர்களும் பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் இதைச் செய்வதாக அவர்கள் எழுதியிருக்கிறார்கள். சரி, மனிதன் எதைப் பொறுக்க வருவான்? கரையிலிருந்து நாலடி தள்ளி மிதக்கும் ஒரு குடம். அவிழ்ந்து போன படகின் கயிற்று நுனி. ஊரில் கேட்டால் “போன மாசம் காணாமல் போனவளின் குடம் அது, ஏனோ ஒரே இடத்தில் நிற்கிறது” என்பார்கள். ஓடும் தண்ணீரில் குடம் ஏன் ஒரே இடத்தில் நிற்கிறது என்று உங்கள் மேசையில் ஒருவனாவது யோசிப்பான். அந்த நொடியில் டீ போட யாரும் எழ மாட்டார்கள்.

சண்டை விதிக்கு வருவோம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிப்புத்தகத்தில் முதலை கடித்தால் இரையைப் பிடித்துக்கொள்ளும், அது சரி. கோளாறு மூச்சில். கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதிக்கான எண்) 14 இருப்பவன் மூன்று நிமிடம் மூச்சடக்கலாம். ரவுண்டுக்கு (எல்லாரும் ஒருமுறை ஆடி முடிக்கும் சுற்று) ஆறு நொடி என்றால் முப்பது ரவுண்டு. எந்தச் சண்டையும் அவ்வளவு நேரம் போகாது. யாரும் மூழ்கிச் சாகவே மாட்டார்கள். நான் நடத்தும் ஆட்டத்தில் இப்படி மாற்றினேன்: கடிபட்டவன் கத்துவான், மூச்சு வெளியேறிவிடும். மிச்சம் மூன்று ரவுண்டுதான். முதலை உடலைச் சுழற்றும் ஒவ்வொரு முறையும் அதில் ஒன்று குறையும். (அது சுழல்வது சும்மா அல்ல, மெல்லும் பல் கிடையாது, இரையைப் பிய்த்தால்தான் விழுங்க முடியும்.) கரையிலிருந்து விடும் அம்பு குறி தவறினால், தண்ணீருக்குள் இருக்கும் நண்பன்மேல் படுமா என்று இன்னொரு பகடை. மேட்டில் நிற்பவர்களின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.

பதிலுக்கு அதன் பலவீனத்தையும் நேர்மையாக வையுங்கள். குளிர் ரத்தப் பிராணி, வெடிப்பு வேகம் கொஞ்ச நேரம்தான். பிறகு தசை களைத்துவிடும், தேற வெகுநேரம் ஆகும். நாலு ரவுண்டு தாக்குப்பிடித்தால் கராம் விட்டுவிட்டு ஆழத்துக்குப் போய்விடட்டும். செத்ததா போனதா என்று அவர்களுக்குத் தெரியக்கூடாது. பெரிய முதலை மாதக்கணக்கில் இரையில்லாமல் இருக்கும். உங்கள் நண்பர்களோ அதே ஆற்றைக் கடந்துதான் ஊர் திரும்ப வேண்டும். இப்படி நடத்தினால் 85 ஹிட் பாயிண்டே தாராளம்.

குட்டிகள்? தாராளமாகக் கொண்டுவாருங்கள். ஆனால் சண்டைக்கு வேண்டாம். முதலைத் தாய் குஞ்சுகளை வாயில் கவ்வியே தண்ணீருக்குக் கொண்டுபோகும். குஞ்சு கத்தினால் ஓடி வரும். உங்கள் கூட்டத்தில் விலைபோகும் என்று ஒரு குட்டியைப் பைக்குள் போட்டுக்கொள்ளும் ஆள் கண்டிப்பாக இருப்பார். அது கத்துமா என்று பகடை உருட்டிக்கொண்டிருக்காதீர்கள். கத்தும்.