அடிபட்டவரின் இடத்தில் யார்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கால்பந்து பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைத் தவறாமல் படிக்கிறவன் நான். ஒரு விஷயத்தில் நண்பர்களோடு ஓயாமல் சண்டை நடக்கிறது, நீங்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும். 2024-25 சீசனில் மான்செஸ்டர் சிட்டி சரிந்ததற்கு, நடுக்களத்தில் ஆடும் ஸ்பெயின் வீரர் ரோட்ரியின் முழங்கால் போனதுதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இது நொண்டிச் சாக்காகத் தெரிகிறது. களத்தில் பதினோரு பேர், பெஞ்சில் ஒன்பது பேர், பெட்டி நிறையப் பணம். ரோட்ரி கோல் அடித்துக் குவிக்கிறவர்கூட இல்லை. தொடர்ந்து நான்கு முறை லீக்கை வென்ற அணி ஒரே ஒருவருக்காக எப்படி உட்கார்ந்துவிடும்? அப்படி உட்கார்ந்தால் அது கோச்சின் தவறுதானே? பணம் இருக்கிறதே, இன்னொருவரை வாங்கி வைத்திருக்க வேண்டியதுதானே? அப்புறம், அடிபட்டவரின் சட்டையைத் தூக்கிப்பிடித்து ‘இவருக்காக ஜெயிப்போம்’ என்கிறார்களே, அதனால் ஏதாவது பலன் உண்டா, இல்லை டிவிக்காக மட்டும்தானா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

நண்பர்கள் சொல்வதும் பாதிதான், நீங்கள் சொல்வதும் பாதிதான். முதலில் அவர்கள் பக்கம். 2024 செப்டம்பர் 22, ஆர்சனலுக்கு எதிரான ஆட்டம், முதல் பாதியிலேயே ரோட்ரியின் வலது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அக்டோபர் 30 தொடங்கி டிசம்பர் 26 வரை சிட்டி ஆடிய 13 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, ஒன்பது தோல்வி. சொந்த மைதானத்தில் டோட்டன்ஹாமிடம் 0-4. ஃபெயனூர்டுக்கு எதிராக 3-0 என்று முன்னால் இருந்துவிட்டு 3-3. இதைச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. அதற்கு முந்தைய சீசனில் லீக்கில் சிட்டி தோற்றதே மூன்று ஆட்டங்கள்தான், மூன்றிலும் ரோட்ரி தடையினால் ஆடவில்லை. அதாவது எச்சரிக்கை மணி ஒரு வருடம் முன்பே அடித்துவிட்டது.

இப்போது உங்கள் பக்கம். அதே ரோட்ரி, 2024 ஜூலை 14, பெர்லினில் ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையின் இறுதி ஆட்டம். முதல் பாதி முடியும் நேரத்தில் அடிபட்டு இரண்டாம் பாதிக்கு வரவேயில்லை. ஸ்பெயின் சரிந்ததா? மார்ட்டின் சுபிமெண்டி இறங்கினார், இரண்டே நிமிடத்தில் நிக்கோ வில்லியம்ஸ் கோல் அடித்தார், இங்கிலாந்து சமன் செய்த பிறகும் 2-1 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். ஒரே வீரர், இரண்டு மாத இடைவெளியில் இரண்டு காயம், இரண்டு விதமான முடிவு. ஒரு ஆட்டத்தின் பாதியையும் ஒரு முழு சீசனையும் ஒப்பிடக்கூடாது என்பீர்கள், சரிதான். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ரியால் சோசியதாத்தில் வாரா வாரம் அந்த இடத்திலேயே முதல் ஆளாக ஆடிக்கொண்டிருந்தவர் சுபிமெண்டி. தேசிய அணியின் பெஞ்சில் இருப்பவர் இன்னொரு கிளப்பின் நாயகன். கிளப் அணியின் பெஞ்சில் இருப்பவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஆக, யார் போனார் என்பதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் எதுவும் புரியாது. அந்த இடத்துக்கு யார் வந்தார், அவரை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இதை முழுசாகப் பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் சிட்டி இல்லை, 2020-21 சீசனின் லிவர்பூல்.

அதற்கு முந்தைய சீசனில் 99 புள்ளிகளோடு லீக்கை வென்றவர்கள் அவர்கள். சென்டர் பேக் (தற்காப்பின் நடுவில் நிற்பவர்) விர்ஜில் வான் டைக் அந்த சீசனின் 38 லீக் ஆட்டங்களிலும் ஒரு நிமிடம்கூட விடாமல் ஆடியிருந்தார். 2020 அக்டோபர் 17, எவர்டன் மைதானத்தில், கோல்கீப்பர் பிக்ஃபோர்ட் பாய்ந்து வந்து மோதியதில் அவருடைய ஏசிஎல் என்கிற முழங்கால் ஜவ்வு போனது. நவம்பரில் இங்கிலாந்து அணியின் பயிற்சியில் ஜோ கோமஸின் முழங்கால் போனது. மிச்சமிருந்த ஒரே மூத்த சென்டர் பேக் மட்டிப், அவரும் அடிக்கடி காயப்படுகிறவர். கோடையில் லோவ்ரனை ரஷ்யாவுக்கு விற்றுவிட்டு அவர் இடத்தில் யாரையும் வாங்காமல் விட்டிருந்தார்கள். கோச்சின் தவறு, கிளப்பின் தவறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்வேன்.

லிவர்பூலின் அப்போதைய கோச் கிளாப் என்ன செய்தார்? மிட்ஃபீல்டர் (நடுக்களத்தில் ஆடுபவர்) ஃபபின்யோவைப் பின்னால் இறக்கினார். பார்த்தால் புத்திசாலித்தனமான முடிவு. ஃபபின்யோ அங்கே பிரமாதமாகவும் ஆடினார், அணியும் ஜெயித்துக்கொண்டே இருந்தது. டிசம்பர் 19 அன்று கிரிஸ்டல் பேலஸை அவர்கள் ஊரிலேயே 7-0 என்று நொறுக்கிவிட்டு கிறிஸ்துமஸுக்கு லீக்கின் உச்சியில் இருந்தார்கள். வான் டைக் இல்லாமலே ஜெயிக்கிறார்களே என்று எல்லோரும் எழுதினார்கள்.

பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. காயம் பட்ட முதல் வாரங்களில் எல்லோரும் கொஞ்சம் கூடுதலாக ஓடி ஓட்டையை மறைத்துவிடுகிறார்கள், எதிரணிகளும் இன்னும் வழி கண்டுபிடித்திருப்பதில்லை. சிட்டியும் ரோட்ரி போன பிறகு ஒரு மாதத்துக்கு மேல் தோற்கவில்லை, கவனித்தீர்களா? மறைத்தவர்கள் களைத்துப்போகும்போது, அல்லது அவர்களுக்கே அடிபடும்போதுதான் பில் வருகிறது.

லிவர்பூலுக்கு பில் வந்த இடம் வேடிக்கையானது. வான் டைக் போனால் கோல் வாங்குவார்கள் என்றுதானே நினைப்போம்? அவர்களால் கோல் அடிக்க முடியாமல் போனது. பேலஸுக்கு ஏழு அடித்தவர்கள் அடுத்து வெஸ்ட் பிராமோடு 1-1, பிறகு நியூகாசில், சவுத்தாம்ப்டன், மான்செஸ்டர் யுனைடெட், பர்ன்லி என்று வரிசையாக நான்கு லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. சாலா இருந்தார், மானே இருந்தார், ஃபிர்மினோ இருந்தார். முன்வரிசைக்கு என்ன ஆனது?

அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அணியின் ஆட்டம் ஓடியதே தற்காப்பின் இரு ஓரங்களில் நிற்கும் இரண்டு ஃபுல் பேக்குகளால், வலதில் அலெக்சாண்டர்-ஆர்னால்ட், இடதில் ராபர்ட்சன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேலே ஏறலாம், ஏனென்றால் பந்து பறிபோனால் எதிரணியின் பாய்ச்சலை நடுவிலேயே நிறுத்த ஃபபின்யோ நிற்பார், அதையும் தாண்டி வந்தால் வான் டைக் நிற்பார். ஃபபின்யோவைப் பின்னால் கொண்டுபோனதும் அந்த முதல் தடுப்பு போய்விட்டது. ஃபுல் பேக்குகள் ஏறும் முன் ஒரு கணம் யோசித்தார்கள், அந்த ஒரு கணத்தில் எதிரணி தன் கோலுக்கு முன்னாலுள்ள பெனால்டி பெட்டிக்குள் திரும்பிவிட்டது. வான் டைக் பின்னாலிருந்து குறுக்காக அனுப்பும் நீண்ட பாஸ் இல்லை, முந்தைய சீசனில் அவர் அடித்த 5 லீக் கோல்களும் இல்லை. ஜனவரி 4, சவுத்தாம்ப்டன் ஆட்டத்தில் மட்டிப்பும் இல்லாமல், கேப்டன் ஹெண்டர்சனையும் பின்னால் இறக்கிவிட்டார்கள். சட்டையில் ஒட்டுப்போட இன்னொரு சட்டையைக் கிழித்தாயிற்று, அந்த ஒட்டில் கிழிசல் வந்ததும் மூன்றாவதையும் கிழித்தாயிற்று. போனவர் ஒருவர், இடம் மாறியவர்கள் மூன்று நான்கு பேர்.

மற்றது சரித்திரம். தங்கள் மைதானமான ஆன்ஃபீல்டில் 68 லீக் ஆட்டங்களாகத் தோற்காதவர்கள் ஜனவரி 21 அன்று பர்ன்லியிடம் தோற்றார்கள், பிறகு பிரைட்டன், சிட்டி, எவர்டன், செல்சி, ஃபுல்ஹாம். சொந்த மண்ணில் தொடர்ந்து ஆறு தோல்வி, கிளப்பின் வரலாற்றிலேயே அதற்கு முன் நடக்காதது. எவர்டன் ஆட்டத்தில் ஹெண்டர்சனுக்கும் அடிபட்டது. கொரோனா காலம் என்பதால் மைதானம் காலியாக இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கூட்டம் இருந்திருந்தால் ஆறும் தோல்வியாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் காலி மைதானம் எல்லா அணிக்கும்தான்.

பிறகு மார்ச் 10, புடாபெஸ்டில் லைப்ஸிக்குக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். கிளாப் ஃபபின்யோவை மீண்டும் நடுவில் நிறுத்தினார். பின்னால் யார்? லோனில், அதாவது வேறு கிளப்பிலிருந்து இரவலாக வந்த ஓசான் கபாக், அவரோடு நாட் ஃபிலிப்ஸ். ஃபிலிப்ஸ் யார் என்றால், முந்தைய சீசனில் ஜெர்மனியின் இரண்டாம் பிரிவில் லோனில் ஆடியவர். வேகம் கிடையாது, பாஸ் சுமார். ஆனால் உயரமாக வரும் பந்து எதுவாக இருந்தாலும் தலையைக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார். அவர் வேறு எதுவும் செய்யத் தேவையில்லாதபடி முன்னால் ஃபபின்யோ நின்றார். 2-0 வெற்றி. அடுத்த லீக் ஆட்டம் தொடங்கி கடைசிப் பத்தில் எட்டு வெற்றி, இரண்டு டிரா. முதல் 28 ஆட்டங்களில் 43 புள்ளிகள் எடுத்தவர்கள் கடைசிப் பத்தில் மட்டும் 26 எடுத்து மூன்றாம் இடம் பிடித்தார்கள். நடுவில் வெஸ்ட் பிராம் மைதானத்தில் கடைசி நொடிகளில் கோல்கீப்பர் அலிசன் ஓடிவந்து தலையால் அடித்த கோலையும் சேர்த்துத்தான், அதற்கு எந்தத் திட்டமும் காரணம் இல்லை.

கடைசி ஆட்டங்களில் எளிய அணிகள் சில இருந்தன, உண்மைதான். ஆனால் ஜனவரியில் ஆன்ஃபீல்டில் ஜெயித்த அதே பர்ன்லியை மே மாதம் அவர்கள் ஊரிலேயே 3-0 என்று தோற்கடித்தார்கள், அதில் ஒரு கோல் ஃபிலிப்ஸின் தலையால் வந்தது. ஓல்ட் டிராஃபோர்டில் யுனைடெட்டை 4-2 என்று வென்றபோது ஃபிலிப்ஸுக்குப் பக்கத்தில் நின்றவர் ரீஸ் வில்லியம்ஸ், இருபது வயது, முந்தைய சீசனில் இங்கிலாந்தின் ஆறாம் அடுக்கு லீக்கில் ஆடியவர். வான் டைக்கோடு ஒப்பிட்டால் இருவரும் எத்தனையோ படி கீழே. ஆனால் தங்கள் சொந்த இடத்தில் நின்றார்கள், மற்றவர்களும் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள். அப்போது பத்தொன்பது வயதுப் பையனாக இருந்த வில்லியம்ஸை அக்டோபரிலேயே தொடர்ந்து ஆடவிட எந்தக் கோச்சுக்கும் தைரியம் வராது என்பது புரிகிறது. ஃபபின்யோவைப் பின்னால் வைப்பது இரண்டு வாரத்துக்கு நல்ல யோசனை, நான்கைந்து மாதத்துக்கு இல்லை.

பழைய உதாரணம் வேண்டுமென்றால் 1962 உலகக் கோப்பை, சிலி. இரண்டாவது ஆட்டத்திலேயே பிரேசிலின் பெலே காயம். மாற்று ஆள் இறக்க அனுமதி இல்லாத காலம், நொண்டிக்கொண்டே களத்தின் ஓரத்தில் நின்றார். அடுத்த ஆட்டத்தில் வந்தவர் அமரில்டோ, ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல், இறுதி ஆட்டத்தில் சமன் செய்த கோலும் அவருடையதே. கரிஞ்சாவின் மாயத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் அமரில்டோ, கரிஞ்சா, டிடி, சகாலோ எல்லோரும் பொட்டாஃபோகோ கிளப்பில் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

சட்டை விஷயத்துக்கு வருகிறேன். 2014 உலகக் கோப்பையில் பிரேசிலின் நெய்மாருக்கு முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டபோது, ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் தேசிய கீதத்தின்போது டேவிட் லூயிஸும் ஜூலியோ சீசரும் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஊரே இழவு வீடு மாதிரி இருந்தது. 29 நிமிடத்தில் ஐந்து கோல் வாங்கினார்கள், கடைசியில் 1-7. நெய்மார் இருந்திருந்தாலும் அந்த ஐந்தில் ஒன்றையும் தடுத்திருக்க மாட்டார், அது அவர் வேலை இல்லை. அன்று அவர்களுக்கு உண்மையில் தேவைப்பட்டவர் தடையில் இருந்த சென்டர் பேக் தியாகோ சில்வா. அவருடைய சட்டையை யாரும் தூக்கிப்பிடிக்கவில்லை. ஜெர்மனியும் தன் முக்கிய வீரர் மார்கோ ராய்ஸைப் போட்டிக்கு முந்தைய கடைசி நட்பு ஆட்டத்தில் இழந்துதான் வந்திருந்தது. அவர் சட்டையை சக வீரர் கோட்ஸே தூக்கிக்காட்டினார், ஆனால் கோப்பையை ஜெயித்த பிறகு. டிவிக்காகவா என்றால் இல்லை, அந்தத் துக்கம் உண்மையானதுதான். ஆனால் துக்கத்தோடு களத்தில் இறங்குகிறவர்கள் அன்று யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாகப் பணம். சிட்டி ஆளை வாங்கி வைத்துத்தான் இருந்தது, ச. 2022-ல் நான்கு கோடிப் பவுண்டுக்கு மேல் கொடுத்து லீட்ஸிலிருந்து கால்வின் ஃபிலிப்ஸை (லிவர்பூலின் நாட் ஃபிலிப்ஸ் வேறு) ரோட்ரிக்குப் பதில் ஆளாகக் கொண்டுவந்தார்கள். ரோட்ரியே பெரும்பாலும் ஆடிக்கொண்டிருந்ததால் ஃபிலிப்ஸ் உட்கார்ந்தே இருந்தார், ஆட வாய்ப்பு வந்தபோது பழக்கம் போயிருந்தது. ரோட்ரிக்கு அடிபட்ட அன்று அவர் இப்ஸ்விச்சில் லோனில் இருந்தார். அந்தக் காயத்துக்குச் சில நாள் முன்புதான் ரோட்ரி, ஆட்டங்கள் மிக அதிகமாகிவிட்டன, வீரர்கள் வேலைநிறுத்தத்துக்கு நெருங்கிவிட்டோம் என்று பேட்டியில் சொன்னார். தன் முக்கிய வீரரை அவ்வப்போது உட்காரவைத்து இரண்டாவது ஆளுக்கு ஆட்டம் கொடுத்திருந்தால் இரண்டு பேருமே பிழைத்திருப்பார்கள். அப்போதைய சிட்டி கோச் கார்டியோலாவைக் குறை சொல்ல வேண்டுமென்றால் அதற்குச் சொல்லுங்கள், நண்பர்களிடம் நான் சொன்னதாகவே சொல்லலாம்.

நேரம் கிடைத்தால் ஒன்று செய்யுங்கள். 2021 ஜனவரி 4 சவுத்தாம்ப்டன் ஆட்டத்தையும் மார்ச் 10 லைப்ஸிக் ஆட்டத்தையும் தேடியெடுத்துப் பாருங்கள். ஹைலைட்ஸ் வேண்டாம், முழு ஆட்டம். பந்தை விட்டுவிட்டு ஃபபின்யோவை மட்டும் பாருங்கள், அப்புறம் அலெக்சாண்டர்-ஆர்னால்ட் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.