நாயோடு ஆடும் மியூசிகல் ஃப்ரீஸ்டைல் என்றால் என்ன? அசைவுகளை எப்படிப் பழக்குவது?

பாட்டுக்கு ஏற்ப மனிதரும் நாயும் சேர்ந்து ஆடும் விளையாட்டுதான் மியூசிகல் ஃப்ரீஸ்டைல். சுற்றுவது, நம் கால்களுக்கு இடையே எட்டுப் போட்டு நுழைவது, பின்னோக்கி நடப்பது, முன்னங்கால்களை நீட்டிக் குனிவது எல்லாம் இதில் வரும்.

முதலில் பாட்டே வேண்டாம். ஒவ்வொரு அசைவையும் தனியாகப் பழக்குங்கள். தீனியை மூக்குக்கு முன்னால் வட்டமாகக் கொண்டுபோனால், மூக்கு போகும் பக்கம் உடம்பும் திரும்பும். சுற்றி முடித்த நொடியே தீனி கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் எதற்குப் பரிசு என்று அதற்குப் புரியாது. சில தடவைக்குப் பிறகு வெறும் கையால் அதே சைகை. அப்புறம் சைகைக்குச் சற்று முன்னால் ஒரு சொல். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் நாய் கையை மட்டும்தான் கவனிக்கும். சைக்கிள் பழக்கும்போது பின்னால் பிடித்த கையை மெல்ல விடுவோமே, அந்த மாதிரிதான் இதுவும்.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். வழுக்கும் தரை வேண்டாம். எலும்பு வளர்ந்து முடியாத குட்டியைக் குதிக்க வைக்கவே வேண்டாம்.

நாய் தாளத்தைக் கேட்டு ஆடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பின்பற்றுவது உங்கள் சைகையையும் சொல்லையும்தான், தாளத்தைப் பிடிப்பது உங்கள் வேலை.