வாசகர் கேள்வி – பதில்: அச்சகக் கோப்புகளுக்கு ஒரு பொதுக் கிடங்கு

கேள்வி: சிவகாசியில் சிறிய ஆப்செட் அச்சகம் நடத்துகிறேன். டிசைன் பிரிவின் நான்கு கணினிகளிலும் வேலைகள் சிதறிக் கிடக்கின்றன. பென் டிரைவில் மாற்றி மாற்றிக் கொண்டுபோவதால், திருத்தம் செய்யாத பழைய கோப்பே சில நேரம் பிளேட்டுக்குப் போய்விடுகிறது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்து, நெட்வொர்க் வழியே எல்லாக் கணினிகளுக்கும் கொடுக்கும் நாஸ் கருவியின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. சும்மா கிடக்கும் பழைய கணினியை அதற்குப் பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம். கோப்புகளை வாங்கி வைக்கவும் எடுத்துக் கொடுக்கவும் பெரிய பிராசசர் தேவையில்லை. 64 பிட் பிராசசரும் 8 ஜிபி ராமும் கொண்ட பழைய அலுவலகக் கணினியே நான்கைந்து பேருக்குப் போதும். 2005-இல் ஃப்ரீநாஸ் என்று தொடங்கி இன்று ட்ரூநாஸ் எனப்படும் மென்பொருளும், டெபியன் லினக்ஸின் மேல் இயங்கும் ஓப்பன்மீடியாவால்ட்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. ராம் 8 ஜிபிக்குக் குறைவென்றால் இரண்டாவதை நிறுவுங்கள். இல்லையேல் ட்ரூநாஸ்தான் என் பரிந்துரை. மென்பொருளுக்கெனச் சிறிய எஸ்எஸ்டி ஒன்று தனியாக வேண்டும்.

சிக்கனம் அத்தோடு நிற்கட்டும். ஹார்ட் டிஸ்கில் அது கூடவே கூடாது. ஒரே அளவில் புதிய டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும்படி மிரர் முறையில் அமையுங்கள். 4 டிபி டிஸ்க் இரண்டு வாங்கினால் பயன்பாட்டுக்குக் கிடைப்பது 4 டிபிதான். வாங்குமுன் அது சிஎம்ஆர் வகையா (எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதது) என்று, மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் பார்த்துவிடுங்கள். எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதால், ஓரிடத்தில் எழுத அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. பழுதான டிஸ்கை மாற்றி மிரரை மறுபடி நிரப்பும்போது, அதாவது உங்களிடம் ஒரே பிரதி மிஞ்சியிருக்கும் அந்த நேரத்தில்தான், அது மிகவும் மெதுவாகிவிடும்.

கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் சுவிட்சையும் கவனியுங்கள். 1 ஜிபி அளவுள்ள போட்டோஷாப் கோப்பு 100 மெகாபிட் சுவிட்ச் வழியே வர ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஆகும்; ஜிகாபிட் சுவிட்சில் பத்து நொடி போதும். சுவிட்சை மாற்றியும் வேகம் கூடவில்லையென்றால் கேபிளின் முனையைப் பாருங்கள். பழைய நாளில் எட்டுக் கம்பிகளில் நான்கை மட்டும் கனெக்டரில் செருகிக் கொடுப்பார்கள். எட்டும் இணைந்தால்தான் ஜிகாபிட் வரும். மின்சாரம் போனால் தானாக முறைப்படி அணையும் வகையில், யுஎஸ்பி இணைப்புள்ள யுபிஎஸ் ஒன்றும் அவசியம்.

கேள்வி: இரண்டு டிஸ்கிலும் பதிவாகும்போது, தனியாக பேக்கப் எதற்கு?

பதில்: மிரர் காப்பது டிஸ்க் பழுதிலிருந்து மட்டுமே. பணியாளர் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் அது இரு டிஸ்கிலிருந்தும் அந்தக் கணமே அழியும். ஏதேனும் ஒரு கணினியில் புகுந்த ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள், பூட்டும் கோப்புகளும் அப்படித்தான். ட்ரூநாஸைச் சொன்னது இதற்காகவே. அதிலுள்ள இசட்எஃப்எஸ் என்னும் கோப்புச் சேமிப்பு முறை, குறித்த நேரந்தோறும் கோப்புகளின் நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்து வைக்கும். டிசைன் கணினிகளிலிருந்து அதை யாரும் மாற்ற முடியாது என்பதால், மாலையில் கெட்டதைக் காலையில் இருந்த நிலைக்கே மீட்கலாம்.

பிளேட் பிரிவில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி கணினி இருந்தால், அதற்காக எஸ்எம்பி 1 என்னும் பழைய கோப்புப் பகிர்வு வசதியை நாஸில் இயக்கச் சொல்வார்கள். தயவுசெய்து இணங்காதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் கணினிக்குக் கணினி தாவியது அதன் ஓட்டை வழியாகத்தான். அந்த ஒரு கணினிக்கு மட்டும் பென் டிரைவே இருந்துவிட்டுப் போகட்டும்.

தீ, திருட்டு, இடி மின்னல் ஆகியவற்றுக்கு ஸ்னாப்ஷாட்டும் தப்பாது. எனவே வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, வாரம் ஒன்றாக ஒரு டிசைன் கணினியில் செருகி, எல்லாவற்றையும் நகலெடுத்து, உடனே கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். செருகியபடியே விட்ட டிஸ்கையும் ரான்சம்வேர் பூட்டிவிடும். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியாகி ஆர்டர்கள் குவியும் மாதங்களில், இதை அன்றாடம் செய்வதே நல்லது. அவ்வப்போது அந்த நகலிலிருந்து ஒரு வேலையைத் திறந்து, எழுத்துருவும் படமும் சரியாக வருகின்றனவா என்றும் பாருங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்தும் இதைத் திறக்க வழியுண்டா?

பதில்: உண்டு. ஆனால் ரூட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டு நாஸை நேரே இணையத்தில் நிறுத்தாதீர்கள். வயர்கார்டு போன்ற இலவச விபிஎன் (இணையத்தினூடே மறையாக்கம் செய்த தனிவழி) ஒன்றை அமைத்து, அதன் வழியாக மட்டுமே உள்ளே வாருங்கள்.