படகுக் கண்காட்சிக்கு இனியும் போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் செப்டம்பர்தோறும் நடக்கும் படகுக் கண்காட்சியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றன. 'வீண் செலவு' என்கிறது ஒரு கட்சி. 'வருஷத்துக்கு ஒருமுறை இதை விட்டால் வேறு இடமில்லை' என்கிறது மற்றது. பலருக்கும் பயன்படக்கூடிய கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: நுழைவுச்சீட்டு, பார்க்கிங், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் ஒரு நாளுக்கு ஒரு பெரிய தொகை போய்விடுகிறது. உள்ளே போனால் கோடீஸ்வரர்களுக்கான படகுகளும் துணிக்கடைகளும்தான். கயிறும் பெயிண்டும் இணையத்தில் அதே விலைக்கு, சில சமயம் குறைவாகவே கிடைக்கின்றன. லண்டன் கண்காட்சியையே மூடிவிட்டார்கள். இன்னும் போவதில் என்ன இருக்கிறது?
– வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: உங்கள் குறை நியாயமானது. அது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் எதற்குப் போகலாம், எதற்குப் போக வேண்டாம் என்பதும் புரியும்.

லண்டன் கண்காட்சி 1950களில் தொடங்கியது. பல பத்தாண்டுகள் ஏர்ல்ஸ் கோர்ட்டில் நடந்து, 2004இல் எக்ஸல் அரங்குக்கு மாறியது. 2018இல் ஐந்தே நாளாகச் சுருங்கியது. 2019க்கான கண்காட்சியைக் கைவிட்டார்கள், அத்தோடு அது முடிந்தது. தயாரிப்பாளர்களின் கணக்குதான் காரணம். குளிர்காலத்தில் படகை லாரியில் ஏற்றி, கிரேன் வைத்து அரங்குக்குள் இறக்கி, மெருகேற்றி, ஊழியர்களுக்கு விடுதி எடுத்து, சதுர மீட்டர் கணக்கில் வாடகையும் கட்ட வேண்டும். அதே பணத்தில் சொந்தப் படகுத்துறையில் வாடிக்கையாளரை அழைத்துக் கடலில் ஓட்டியே காட்டிவிடலாம். 6 மீட்டர் படகு ஒன்றில் கிடைக்கும் லாபம் அரங்க வாடகையைத் தாங்காது. அதனால் சிறு படகு கட்டுபவர்கள் முதலில் விலகினார்கள், பெரிய படகுக்காரர்கள் மிஞ்சினார்கள். நீங்கள் பார்த்தது அதன் விளைவு.

ஆகவே விலைக்காகப் போகாதீர்கள். பாகத்தின் எண் தெரிந்த எதையும் வீட்டிலிருந்தே வாங்கலாம்: கயிறு, ஷேக்கிள் என்னும் இணைப்பு வளையம், படகின் அடியில் பூசும் அடிப்பெயிண்ட், எஞ்சின் ஃபில்டர். உடம்பு பொருந்த வேண்டியவற்றுக்கும் கை எட்ட வேண்டியவற்றுக்கும் மட்டும் போங்கள். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பதும், லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துப் பார்ப்பதும், சார்ட்பிளாட்டர் (கடல் வரைபடம் காட்டும் கருவி) திரையை போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு வெயிலில் பார்ப்பதும் இணையத்தில் நடக்காது. சில திரைகள் அந்தக் கண்ணாடி வழியே ஒரு கோணத்தில் முழுக்கக் கறுத்துவிடும். சுக்கான் பிடிக்கும் இடத்தில் அதைப் பொருத்திய பிறகு தெரிந்து பயனில்லை.

கேள்வி: மற்றவர்கள் குறை சொன்னாலும் நான் தவறாமல் போகிறேன். கருவி செய்தவர்களிடமே நேரில் கேட்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் விற்பனையாளர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள், விஷயம் தெரிந்தவர் அகப்படுவதில்லை. என்ன வழி?
– வாசகர், போர்ட்ஸ்மத்

பதில்: உங்கள் பக்கமே நாங்களும் நிற்கிறோம். வார நாளில் போங்கள். கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் நுட்ப ஊழியர்கள் ஓய்வாக இருப்பார்கள். விற்பனையாளரிடம் 'ஏற்கெனவே வாங்கிவிட்டேன், பொருத்துவதில் ஒரு சிக்கல்' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவரே சரியான ஆளைக் காட்டிவிடுவார்.

கையில் ஆதாரம் வேண்டும். கருவியின் மாடல் எண், சீரியல் எண், மென்பொருள் பதிப்பு, வயர் போகும் வழி, திசைகாட்டி உணரி பொருத்திய இடம் ஆகியவற்றைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். உதாரணத்துக்கு, ஆட்டோபைலட் (தானே சுக்கான் பிடிக்கும் கருவி) பாதை தவறி அலைகிறது என்று வாயால் சொன்னால் பொதுவான பதில்தான் வரும். உணரி இருக்கும் அலமாரியின் படத்தைக் காட்டினால், பக்கத்தில் இருக்கும் ஒலிபெருக்கியையோ தகர டப்பாக்களையோ அவரே சுட்டிக்காட்டுவார். ஒலிபெருக்கியின் காந்தமும் இரும்பும் திசைகாட்டியைத் திருப்பிவிடும். இந்தக் கோளாறு அடிக்கடி வருவது.

கேள்வி: 9 அல்லது 10 மீட்டர் பாய்மரப் படகு ஒன்றைப் புதிதாக வாங்க எண்ணியிருக்கிறோம். கண்காட்சியில் ஒரு படகில் ஏறினால் பத்து நிமிடம்தான் கிடைக்கிறது. அதற்குள் எதைப் பார்ப்பது? 'இன்று கையெழுத்திட்டால் தள்ளுபடி' என்கிறார்களே, நம்பலாமா?
– தம்பதியர், ரெடிங்

பதில்: முதலில், பத்து நிமிடத்தோடு நிற்காதீர்கள். இரண்டு வாரம் முன்பே விற்பனையாளருக்கு எழுதி நேரம் குறித்துக்கொண்டால் அரை மணி நேரமாவது தருவார்கள். கழற்றி மாட்ட எளிதான காலணி, அளவு நாடா, சின்ன டார்ச் போதும்.

படகுக்குள் இறங்கியதும் சோபாவைப் பார்க்காதீர்கள், படிக்கட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சினைப் பாருங்கள். கடல்நீர் பம்பின் மூடி எங்கே இருக்கிறது? அதற்குள் நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைப் பலரும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். மூடியில் நாலைந்து திருகாணிகள் இருக்கும். அங்கே உங்கள் கை திருப்புளியோடு போகுமா என்று கையை நீட்டியே பாருங்கள். மூடி எஞ்சினின் பின்பக்கம் பார்த்து இருந்தால், அலை ஆடும் நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தடவித்தான் கழற்ற வேண்டியிருக்கும், திருகாணி படகின் அடிக்குழியான பில்ஜுக்குள் விழும். அடுத்து டீசலில் கலந்த நீரைப் பிரிக்கும் ஃபில்டர். அதன் அடியில் ஒரு கண்ணாடிக் குவளை வைக்க இடம் இருக்கிறதா? இல்லையென்றால் நீரை வடிக்கவே மாட்டீர்கள், ஒரு நாள் எஞ்சின் நிற்கும். எஞ்சின் எண்ணெய்க் குச்சி, கியர்பாக்ஸ் எண்ணெய்க் குச்சி இரண்டையும் உருவிப் பாருங்கள்.

பிறகு படகின் அடியில் உள்ள கடல்நீர் வால்வுகள். எல்லாவற்றையும் தரைப் பலகையின் திருகாணியைக் கழற்றாமல் எட்ட முடிய வேண்டும். எந்த உலோகம் என்று கேளுங்கள். வெண்கலம், துத்தநாகம் கரையாத தனி வகைப் பித்தளை, கலவைப் பிளாஸ்டிக் இவற்றில் ஒன்று என்றால் சரி. சாதாரணப் பித்தளை உப்புநீரில் துத்தநாகத்தை இழந்து, செம்பு மட்டும் பஞ்சுபோல் மிஞ்சும். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கலாம், கைப்பிடியைத் திருப்பும்போது முறியும்.

உடம்புக்கான சோதனை இதற்கு அடுத்தது. படுக்கையில் இருவரும் படுத்துப் பாருங்கள். தலைப்பக்கம் அகலமாக இருக்கும், கால்பக்கம் நான்கு கால்களுக்கு இடம் போதுமா என்பதே கேள்வி. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருங்கள். அடுப்பின் முன் நின்று, படகு 20 டிகிரி சாய்ந்தால் இடுப்பை எதில் அணைத்து நிற்பீர்கள் என்று யோசியுங்கள். படியிலிருந்து முன்னறை வரை, ஒரு பிடியை விடுவதற்குள் அடுத்த பிடி கைக்கு எட்ட வேண்டும். இப்போதைய அகலப் படகுகள் பலவற்றில் நடுவே பிடிக்க ஒன்றுமே இல்லை. நின்றிருக்கும் படகில் விசாலமாகத் தெரிவது, கடலில் ஒருவரை அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தூக்கி எறியும். எங்களைக் கேட்டால், கண்காட்சியில் மக்கள் ஏமாறுவது இதில்தான்.

தயாரிப்பாளரின் தகட்டைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். படகு எவ்வளவு காற்றுக்கும் அலைக்கும் ஏற்றது என்பதைக் காட்ட அதில் ஏ, பி, சி, டி என ஒரு வகை இருக்கும். சி என்றால் காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபோர்ட் அளவுகோலில் 6ஆம் எண் காற்று, 2 மீட்டர் அலை வரை. பி என்றால் 8ஆம் எண் காற்று, 4 மீட்டர் அலை வரை. ஏ அதற்கும் மேல். ஒரே படகு 'ஏ – 6 பேர், பி – 8 பேர்' என்று பதிவாகியிருப்பதும் உண்டு. 'ஏ வகை' என்று விற்பனையாளர் சொன்னால் எத்தனை பேரோடு என்று உடனே கேளுங்கள்.

இனி விலை. அட்டையில் தொங்கும் தொகை பெரும்பாலும் அடிப்படை விலை. 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி (வாட்), ஏற்றி வரும் செலவு, பாய்மரம் நிறுத்தும் கூலி, அடிப்பெயிண்ட், நங்கூரமும் சங்கிலியும், படகின் பக்கம் உரசாமல் காக்கும் ஃபெண்டர், கயிறுகள், வி.எச்.எஃப். ரேடியோ, சார்ட்பிளாட்டர் ஆகியவை அதில் இருக்காது. நீங்கள் ஏறிப் பார்த்த படகிலோ கூடுதல் வசதிகள் அத்தனையும் பொருத்தியிருக்கும். 'பாயை ஏற்றிப் புறப்படும் நிலையில், வரி உட்பட என்ன விலை' என்று எழுத்தில் வாங்குங்கள். வரியை நீக்கிப் பார்த்தாலும், அட்டை விலையைவிட 20 முதல் 30 சதவீதம் கூடினால் வியப்படைய வேண்டாம்.

தள்ளுபடியை நம்பலாம், அவசரத்தை நம்ப வேண்டாம். அதே சலுகையை ஏழு நாள் வைத்திருப்பதாக எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். கண்காட்சியில் போட்ட கையெழுத்தை 14 நாளில் ரத்து செய்யலாம் என்று எண்ணிக்கொண்டு கையெழுத்திடாதீர்கள். அரங்கே அவர்களின் வியாபார இடமாகக் கருதப்படலாம், உங்களுக்கென்று கட்டும் படகுக்கு அந்த உரிமை பொருந்தாமலும் போகலாம். முன்பணம் கொடுத்தால் இரண்டு நிபந்தனைகள் எழுத்தில் வேண்டும். கடல் ஓட்டச் சோதனையில் திருப்தி இல்லையென்றால் முன்பணம் திரும்ப வர வேண்டும். தவணை கட்டக் கட்ட, வாங்கிய எஞ்சினும் கட்டிய உடற்பகுதியும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். இரண்டாவது நிபந்தனை இல்லாமல் கட்டும் நிறுவனம் திவாலானால், பணம் கொடுத்த நீங்களும் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

கேள்வி: ஜனவரியில் ஜெர்மனியின் டியூசல்டோர்ஃப் படகுக் கண்காட்சிக்குப் போகிறேன். இங்கிலாந்தில் இருக்கும் சித்தப்பா தன் படகுக்கு இரண்டு லைஃப் ஜாக்கெட்டும் ஒரு லித்தியம் பேட்டரியும் வாங்கி வரச் சொல்கிறார். விமானத்தில் கொண்டுபோகலாமா? வரி உண்டா?
– வாசகி, டார்ட்மண்ட்

பதில்: பேட்டரி விமானத்தில் ஏறாது. பயணிகள் கொண்டுபோகும் லித்தியம் பேட்டரிக்கு உச்ச வரம்பு 160 வாட்மணி. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்மணி பேட்டரி 1,280 வாட்மணி.

அதைவிட முக்கியமானது, பேட்டரி மட்டும் வாங்குவது பாதி வேலை என்பது. லித்தியம் பேட்டரி, எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிடமிருந்து முழு மின்னோட்டத்தையும் விடாமல் இழுக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டரின் விசிறி போதுமான காற்று தராது, சுருள் கருகும். ஓட்டத்தின் நடுவே பேட்டரியின் காப்புச் சுற்று திடீரென்று துண்டித்தால், எழும் மின்னழுத்தம் ஆல்டர்னேட்டரின் டயோடுகளைச் சாகடிக்கும். எஞ்சினைக் கிளப்பும் ஈய பேட்டரியை அப்படியே வைத்து, அதற்கும் லித்தியத்துக்கும் இடையே டிசி-டிசி சார்ஜர் பொருத்த வேண்டும். கரை மின்சாரச் சார்ஜரிலும் லித்தியத்துக்கான அமைப்பு வேண்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு கொண்டுபோகலாம். ஜாக்கெட்டில் உள்ள வாயுக் குப்பியைத்தான் அவர்கள் கேட்பார்கள். ஒருவர் எத்தனை கொண்டுபோகலாம் என்பதற்கு வரம்பு உண்டு, அதனால் இரண்டையும் நீங்களே தூக்கிச் செல்லலாமா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆபத்தில் கொளுத்திக் காட்டும் ஃபிளேர் குச்சிகளுக்கு எந்த விமானத்திலும் இடமில்லை. பிரிட்டனுக்குள் விமானத்தில் கொண்டுபோகும் பொருள்களுக்கு 390 பவுண்டு வரை வரியில்லை, தாண்டினால் மொத்தத்துக்கும் வரி. ஜெர்மன் வாட் வரியைத் திரும்பப் பெறலாம் என்று யாராவது சொன்னால், அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் தானே வாங்கித் தன் பையில் கொண்டுபோகும் பொருளுக்கு மட்டும். உங்கள் பெயரில் வாங்கினால் கிடைக்காது. சித்தப்பாவே வந்து போட்டுப் பார்த்து வாங்குவது இரண்டு வகையிலும் நல்லது.

வாங்கும்போது 150 நியூட்டன் மிதப்பு விசை கொண்ட ஜாக்கெட்டில் 33 கிராம் குப்பியா என்று பாருங்கள். நீரில் கரைந்து ஜாக்கெட்டை ஊதவைக்கும் உப்பு மாத்திரை வகை ஈரமான அலமாரியில் தானாக ஊதிக்கொள்ளும். நீரழுத்த வகை சுமார் 10 சென்டிமீட்டர் மூழ்கினால்தான் ஊதிக்கொள்ளும், விலை அதிகம். வீட்டுக்குப் போனதும் குப்பியைக் கையால் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டத்தில் குப்பி தளர்வது சகஜம், தளர்ந்த குப்பி ஊதாது.

கேள்வி: எங்களிடம் இரண்டு ஃபைபர் மீன்பிடி படகுகள் இருக்கின்றன. ஐரோப்பியக் கண்காட்சிக்குப் போனால் தொழிலுக்கு ஏதாவது பயன் உண்டா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: வேண்டாம். அவை பெரும்பாலும் உல்லாசப் படகுகளுக்கானவை. கொச்சியில் நடக்கும் படகுக் கண்காட்சி உங்களுக்குப் பக்கம், மோட்டார்க்காரர்களும், ஃபைபரை ஒட்டி இறுக்கும் ரெசின் விற்பவர்களும் அங்கே வருகிறார்கள். மோட்டாருக்கு உதிரிபாகம் நாகையில் யார் வைத்திருக்கிறார்கள் என்று பெயரோடு கேளுங்கள். ரெசின் இறுகும் நேரம் விவரத் தாளில் பெரும்பாலும் 25 டிகிரி வெப்பத்துக்குக் கொடுத்திருப்பார்கள். உங்கள் பட்டறையில் 34 டிகிரி என்றால் அது வெகுவாகக் குறையும், கண்ணாடியிழைப் பாயில் ஊறுவதற்குள் இறுகிவிடும். அந்த வெப்பத்துக்கு, ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் எத்தனை சதவீதம் என்று எழுதி வாங்குங்கள்.

கேள்வி: எட்டு வயதும் பதினொரு வயதும் ஆன பிள்ளைகளை சவுத்ஹாம்ப்டனுக்குக் கூட்டிப்போகலாமா?
– வாசகி, குரோய்டன்

பதில்: படகில் ஏறி ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு அந்த ஆண்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் காலையிலேயே அதற்குப் பெயர் கொடுத்துவிடுங்கள், மதியத்துக்குள் நிரம்பிவிடும். அரங்குகளை மட்டும் சுற்றினால் இரண்டு மணி நேரத்தில் சலித்துப்போவார்கள். பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்குவதாக இருந்தால் அங்கேயே வாங்குங்கள். அளவு வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து. காலிடுக்கு வாரையும் மாட்டி, தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிது. 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று ஒரு அளவு கூட்டி வாங்காதீர்கள்.