'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது மட்டும்தானா?

கேள்வி: 'தே புட் ஆஃப் தி மீட்டிங்' என்ற வரியைப் படித்துவிட்டு, கூட்டமே இல்லை என்று நண்பர் சொல்கிறார். சரியா?

பதில்: இல்லை. கூட்டம் உண்டு, வேறொரு நாளுக்குத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அடியோடு ரத்து செய்திருந்தால் 'கால்ட் ஆஃப்' என்று வந்திருக்கும்.

கேள்வி: 'ஐ புட் ஆஃப் டு கோ' என்று எழுதியதை ஆசிரியை அடித்துவிட்டார். ஏன்?

பதில்: இதற்குத் தமிழே வழிகாட்டும். பல் மருத்துவரிடம் 'போவதைத் தள்ளிப்போட்டேன்' என்கிறோமே தவிர, 'போகத் தள்ளிப்போட்டேன்' என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் 'போவதை' என்பதற்கு ஈடாக ஆங்கிலத்தில் 'இங்' வடிவம் வரவேண்டும்: 'ஐ புட் ஆஃப் கோயிங் டு தி டென்டிஸ்ட்'. இன்னொன்றையும் சேர்த்தே மனத்தில் வையுங்கள். 'இட்', 'தெம்' போன்ற பிரதிப்பெயர்கள் நடுவில்தான் உட்காரும். 'புட் இட் ஆஃப்' சரி, 'புட் ஆஃப் இட்' பிழை.

கேள்வி: 'தி ஸ்மெல் புட் மீ ஆஃப் மை ஃபுட்' என்பதில் எது தள்ளிப்போடப்படுகிறது?

பதில்: எதுவுமில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். செயப்படுபொருளாக நிகழ்ச்சிக்குப் பதில் ஆள் வந்துவிட்டால் பொருள் பெரும்பாலும் மாறிவிடும். மீன் கெட்டுப்போன வாடையில் தட்டில் பிசைந்த சோறு தொண்டைக்குள் இறங்காமல் போகிறதே, அந்த நிலையைத்தான் இவ்வாக்கியம் சொல்கிறது. அப்படி முகம் சுளிக்க வைப்பதை 'ஆஃப்-புட்டிங்' என்பார்கள். தேர்வு எழுதும்போது பக்கத்தில் ஒருவர் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்து, அதனால் கவனம் சிதறினாலும் 'இட் புட் மீ ஆஃப்' என்றே சொல்லலாம். ஆனால், 'ஹி கீப்ஸ் புட்டிங் மீ ஆஃப்' என்று கடன் கொடுத்தவர் புலம்பினால், கடன் வாங்கியவர் சாக்குச் சொல்லி இழுத்தடிக்கிறார் என்று பொருள். ஆகவே முன்பின் வாக்கியங்களையும் படித்துவிட்டே பொருளை முடிவு செய்யுங்கள். அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிடாதீர்கள்.

கேள்வி: 'புட் ஆஃப் தி லைட்' தவறா?

பதில்: தவறில்லை; பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அந்த வழக்கு உண்டு. எனினும் 'டர்ன் ஆஃப்', 'ஸ்விட்ச் ஆஃப்' என்பவையே எங்கும் செல்லுபடியாகும் என்பதால் அவற்றையே பழகச் சொல்வேன். மெழுகுவத்தி, நெருப்பு போன்று எரிவதை அணைப்பதற்கோ 'புட் அவுட்'.