“சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்” என்று கேள்வி மேல் கேள்வி கேட்டே விவாதத்தைக் கெடுப்பவரை எப்படி அடையாளம் காண்பது?

இதற்கு ‘சீலயனிங்’ என்று பெயர். டேவிட் மால்கி 2014இல் வரைந்த ‘வொண்டர்மார்க்’ இணையச் சித்திரத்திலிருந்து வந்தது. அதில், ‘சீ லயன்’ எனப்படும் கடற்சிங்கங்களைப் பிடிக்காது என்று ஒரு பெண் சொல்லிவிடுவார். உடனே ஒரு கடற்சிங்கம் வந்து பணிவாக விளக்கம் கேட்கும். விடாமல் படுக்கையறை வரை பின்னாலேயே வரும்.

நம் குரூப்களில் பாருங்கள். ஹெல்மெட் போட்டால் தலைக்காயம் குறையும் என்கிறீர்கள். “ஆதாரம் உண்டா சார்?” கொடுக்கிறீர்கள். “இது வெளிநாட்டு ஆய்வாச்சே?” சரி, இந்தியத் தரவையும் தருகிறீர்கள். “காயம் என்று எதைச் சொல்கிறீர்கள்?” அப்புறம் நாலு மணி நேரம் கழித்து மறுபடி அதே முதல் கேள்வி, அதே ‘சார்’. எரிச்சலில் ஒரு வார்த்தை விட்டால் போச்சு: “கேள்வி கேட்டாலே கோபமா?” அவருக்கு வேண்டியதே அதுதான்.

நிஜமாகவே தெரியாமல் கேட்பவரும் இப்படித்தான் தொடங்குவார், அதுதான் சிக்கல். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அடுத்த கேள்வி என் பதிலிலிருந்து பிறக்கிறதா, இல்லை பதிலைப் படிக்காமலே வருகிறதா? இரண்டாவது என்றால், “உங்கள் கருத்து என்ன, அதற்கு ஆதாரம் என்ன?” என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் அதற்குப் பதில் வராது.